“ஏ.டி.எம். கார்டை மட்டும் கொடு தம்பி”: பெயரைக் கொடுத்துவிட்டு வழக்கில் சிக்கும் இளைஞர்கள்

பாயான் பாரு – மோசடி என்றதும் நம் நினைவுக்கு வருபவர் பணத்தைப் பறிகொடுத்தவர்தான். ஊழியர் சேமநிதிப் பணத்தை இழந்த அப்பா, நகையை விற்று அனுப்பிய அம்மா, ஓய்வூதியத்தை மொத்தமாக விட்ட ஆசிரியர் என்று செய்திகள் வந்தபடி இருக்கின்றன. ஆனால், ஒவ்வொரு மோசடியிலும் இன்னொருவரும் இருக்கிறார். பறித்த பணம் யாருடைய வங்கிக் கணக்கில் போய் விழுந்ததோ, அவர்தான் அது.

போலீஸ் முதலில் தேடி வருவது அவரைத்தான். மோசடிக்காரன் எந்த நாட்டில், எந்தப் பெயரில் இருக்கிறான் என்பது பெரும்பாலும் தெரியாது. கணக்குக்காரரின் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, வேலை செய்யும் இடம் எல்லாமே வங்கியில் பதிவாகி இருக்கின்றன. மலாயில் இதை ‘அக்காவுன் கெல்டாய்’ என்கிறார்கள். தமிழில் கழுதைக் கணக்கு என்று சொல்லலாம். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கழுதை சுமக்கிறது. அடி விழுவதும் அதற்குத்தான்.

கணக்கு இருக்கும் இடத்தில்தான் வியாபாரம்

பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. அதை ஒட்டி பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவாக்கிய புதுநகரம்தான் பாயான் பாரு. கெடா, பேராக் தோட்டங்களிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் நம் பிள்ளைகள் இங்குள்ள மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. நான்கைந்து பேர் சேர்ந்து வாடகை வீடு எடுப்பது, மூன்று ஷிப்டு மாறி மாறிப் போவது, மாதக் கடைசியில் கை கடிப்பது, இதெல்லாம் இந்த வட்டாரத்தில் எவருக்கும் புதிதல்ல.

தொழிற்சாலைச் சம்பளம் வங்கிக் கணக்கில்தான் ஏறும். ஆகவே, இங்கு வேலை செய்யும் 19, 20 வயதுப் பிள்ளைக்கும் ஒரு கணக்கு, ஒரு ஏ.டி.எம். கார்டு, கைத்தொலைபேசியில் ஒரு வங்கிச் செயலி இருக்கும். வேலை மாறும்போது பழைய கணக்கு மூடப்படாமல் சும்மா கிடக்கும். மோசடிக் கும்பலுக்கு வேண்டியது இதுதான்: உண்மையான ஆளின் பெயரில், இதுவரை எந்தப் புகாரும் விழாத ஒரு கணக்கு.

இது பாயான் பாருவுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. பிறை, கூலிம், சுங்கைப் பட்டாணி, கிள்ளான் என்று சம்பளக் கணக்கும் பணத் தேவையும் சேர்ந்திருக்கும் எல்லா ஊரிலும் இதே கதைதான்.

எப்படிக் கேட்கிறார்கள்?

நேரடியாக ‘மோசடிக்குக் கணக்கு கொடு’ என்று எவனும் கேட்பதில்லை. கேட்கும் விதம் நான்கு வகையாக இருக்கும்.

முதலாவது, வாடகை. “தம்பி, நம்ம முதலாளி ஆன்லைன் வியாபாரம் பண்றாரு. அவரு கணக்குல லிமிட் முடிஞ்சிருச்சு. உன் கார்டை ஒரு மாசம் குடு, 500 வெள்ளி தர்றேன்.” சொல்பவர் அந்நியர் அல்லர். பக்கத்து அறையில் இருப்பவரின் நண்பராகவோ, பழைய பள்ளித் தோழராகவோ இருப்பார்.

இரண்டாவது, கடன். மோட்டார் சைக்கிள் தவணை, வீட்டில் ஒரு விசேஷம், பிள்ளைக்குப் பள்ளிச் செலவு என்று அவசரத்தில் இருப்பவர் முகநூலில் ‘உடனடிக் கடன்’ விளம்பரத்தைப் பார்க்கிறார். கடன் கொடுப்பவர், “அடமானமாக ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் கொடுங்கள், தவணை முடிந்ததும் திருப்பித் தருகிறோம்” என்கிறார். கடன் சில சமயம் கிடைக்கும், சில சமயம் கிடைக்காது. கார்டு மட்டும் திரும்பி வராது.

மூன்றாவது, வேலை. வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்கிறார்கள். கணக்கில் பணம் வரும், அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைச் சொல்லும் கணக்குக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பதவிக்குப் பெயர் ‘நிதி உதவியாளர்’ என்று இருக்கலாம். செய்யும் வேலை கழுதை வேலைதான்.

நான்காவது, அன்பு. புலனத்திலோ முகநூலிலோ பழகியவர், “எனக்கு ஒரு பணம் வர வேண்டியிருக்கு, உன் கணக்குக்கு அனுப்பச் சொல்றேன், எடுத்துக் குடு” என்று கேட்கிறார். தன் பணத்தை இழக்காததால், தான் ஏமாற்றப்பட்டோம் என்றே அந்தப் பெண்ணுக்கோ பையனுக்கோ தெரிவதில்லை.

பணம் ஓடும் வழி

கழுதைக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது பணம் ஓடும் வழியைப் பார்த்தால் புரியும்.

ஈப்போவில் ஒரு மூதாட்டிக்குத் தொலைபேசி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேசுபவன் தன்னை வருமான வரி வாரிய அதிகாரி என்கிறான். பிறகு ‘போலீஸ் இன்ஸ்பெக்டர்’ ஒருவனிடம் இணைப்பு மாறுகிறது. “உங்கள் பெயரில் போதைப்பொருள் வழக்கு இருக்கிறது, விசாரணை முடியும்வரை பணத்தை இந்தக் கணக்கில் பாதுகாப்பாக வையுங்கள்” என்கிறான். இதுதான் மக்காவ் மோசடி எனப்படுவது. அவர் பணத்தை மாற்றிய கணக்கு, பாயான் பாருவில் 500 வெள்ளிக்குக் கொடுக்கப்பட்ட அந்தக் கணக்காக இருக்கலாம்.

பணம் அங்கே தங்குவதில்லை. சில நிமிடங்களில் பிரிந்து இரண்டாவது, மூன்றாவது கணக்குகளுக்குப் போகிறது. கடைசியில் எங்கோ ஒரு இயந்திரத்தில் ரொக்கமாக எடுக்கப்படுகிறது, அல்லது மின்னிலக்க நாணயமாக மாறி நாட்டை விட்டுப் போகிறது. தடத்தைப் பின்தொடரும் போலீசாருக்குக் கையில் கிடைப்பது இடையில் இருக்கும் பெயர்கள் மட்டுமே.

ஒரு கணக்கின் மேல் புகார் விழுந்ததும் வங்கி அதை முடக்கிவிடும். எனவே, கும்பலுக்கு எப்போதும் புதுக் கணக்கு தேவைப்படுகிறது. ‘கார்டு வாங்கி வருவதற்கு’ என்றே ஊருக்கு ஊர் ஆள் வைத்திருப்பது இதனால்தான்.

வங்கிகளும் கதவுகளை இறுக்கி வருகின்றன. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா அறிவித்த நடவடிக்கைகளின்படி, குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. எண்ணைப் படிப்படியாகக் கைவிடுவது, வங்கிச் செயலியை ஒரே ஒரு கைத்தொலைபேசியில் மட்டும் அனுமதிப்பது, முதன்முறை பதிவு செய்வோருக்குக் காத்திருப்பு நேரம் வைப்பது போன்றவை நடப்புக்கு வந்தன. 2024இல் பேங்க் நெகாராவும் பேநெட் நிறுவனமும் தேசிய மோசடித் தளத்தைத் தொடங்கின. பறிபோன பணம் எந்தெந்தக் கணக்குக்குத் தாவியது என்பதை வங்கிகள் சேர்ந்து விரைவாகக் கண்டறிய அது உதவுகிறது.

இதன் இன்னொரு விளைவையும் கவனிக்க வேண்டும். கார்டு மட்டும் இருந்தால் இனிப் போதாது என்பதால், சிம் கார்டு, வங்கிச் செயலியின் பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் சேர்த்தே கேட்பார்கள். ஒருவர் இத்தனையும் கேட்கிறார் என்றால், கேட்பது உதவி அன்று, உங்கள் பெயரையே கேட்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோசடிக்குரிய பிரிவு குற்றவியல் சட்டத்தின் 420. குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் உண்டு, அபராதமும் விதிக்கப்படலாம். கணக்கைக் கொடுத்தவர்கள் மீது முன்பெல்லாம் இந்தப் பிரிவோ, பணத்தை மறைக்க உதவியதற்கான 424ஆவது பிரிவோ பாய்ந்தது.

2024இல் சட்டம் திருத்தப்பட்டு 424ஏ முதல் 424டி வரை புதிய பிரிவுகள் சேர்ந்தன. இவை கழுதைக் கணக்கையே குறிவைப்பவை. மற்றவரின் கணக்கையோ கார்டையோ முறையான காரணமின்றி வைத்திருப்பதும், தன் கணக்கைப் பிறர் ஆளக் கொடுப்பதும், அப்படிப்பட்ட கணக்கின் வழி பணப் பரிமாற்றம் செய்வதும் இப்போது தனித்தனிக் குற்றங்கள். “நான் யாரையும் ஏமாற்றவில்லை, கார்டைத்தான் கொடுத்தேன்” என்பது முன்பு ஒரு சமாதானமாகத் தோன்றியிருக்கலாம். இன்று அந்த வாக்கியமே குற்றத்தை ஒப்புக்கொள்வதாக ஆகிவிடக்கூடும்.

தண்டனைக்கு முன்பே வாழ்க்கை தடுமாறத் தொடங்கிவிடும். விசாரணைக்காகக் கைது செய்யப்படுபவரை மாஜிஸ்திரேட் உத்தரவின் பேரில் தடுத்து வைக்கலாம். 420 போன்ற வழக்குகளில் இது முதலில் நான்கு நாள், பின்னர் மேலும் மூன்று நாள் வரை நீளலாம். தொழிற்சாலையில் ஒரு வாரம் சொல்லாமல் விடுப்பு எடுத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. கணக்கு முடக்கப்பட்டால் அந்த மாதச் சம்பளமும் அதில் மாட்டிக்கொள்ளும். இவை தவிர, பணத்தை இழந்தவர் சிவில் வழக்குத் தொடுத்து அந்தத் தொகையைக் கணக்குக்காரரிடமே கேட்கவும் வழியுண்டு. 500 வெள்ளி வாங்கியவர் 50,000 வெள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பிள்ளை கைதாகிவிட்டால் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டிய உரிமையும் ஒன்று உண்டு. கைதான நபர் தன் உறவினருக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரைச் சந்திக்கவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இடமளிக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம். தடுப்புக் காவல் விசாரணைக்கே அதன் வழக்கறிஞர்கள் வருவார்கள்.

கொடுக்காமலே போகும் பெயர்

கார்டைக் கொடுத்தவர் கதை இது. எதையுமே கொடுக்காதவரின் பெயரும் களவு போவதுண்டு.

2017 அக்டோபரில் மலேசியர்களின் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் வெளியே கசிந்தது தெரியவந்தது. பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாம் அதில் இருந்தன. நாட்டின் மொத்த மக்கள்தொகையைவிட அதிகமான எண்ணிக்கை அது. அதாவது, அந்தக் காலத்தில் கைத்தொலைபேசி வைத்திருந்த எவரும் தன் விவரம் வெளியே போகவில்லை என்று நினைக்க இடமில்லை.

ஆகவே, தொலைபேசியில் ஒருவன் உங்கள் அடையாள அட்டை எண்ணையும் வீட்டு எண்ணையும் சரியாகச் சொன்னால் அவன் போலீஸ் என்று ஆகிவிடாது. மேலும், 12 இலக்க எண்ணே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: பினாங்குக்கு 07, கெடாவுக்கு 02, பேராக்குக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். “நீங்கள் கெடாவில் பிறந்தவர்தானே, பிறந்தநாள் இதுதானே” என்று கேட்பவனுக்கு அந்த எண் ஒன்றே போதும்.

அடையாள அட்டையின் நகலும் கவனம் தேவைப்படும் ஒன்று. வாடகை வீட்டுக்கு, வேலைக்கு, தவணைப் பொருளுக்கு என்று பல இடங்களில் நகல் கொடுக்கிறோம். அந்த நகலை வைத்து உங்கள் பெயரில் சிம் கார்டு எடுக்கவோ, தவணையில் பொருள் வாங்கவோ, வியாபாரம் பதிவு செய்யவோ முயற்சி நடக்கலாம். நகல் கொடுக்கும்போது குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக, யாருக்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள். எழுத்து எண்ணின் மேலும் படத்தின் மேலும் படட்டும், ஆனால் படிக்க முடியாதபடி மறைத்துவிட வேண்டாம். புலனத்தில் படம் அனுப்புவதாக இருந்தாலும் இதே முறைதான்.

உங்கள் பெயரில் கடன் ஏதும் இருக்கிறதா என்பதைப் பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. நீங்கள் வாங்காத கடன் அதில் தெரிந்தால் உடனே அந்த வங்கிக்குத் தெரிவித்து, போலீஸ் புகாரும் செய்ய வேண்டும்.

கடன் தேவைப்பட்டால்

பணமுடை வராத வீடு இல்லை. கடன் வாங்குவதும் தவறில்லை. யாரிடம் வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் அனுமதியுடன் இயங்குகிறார். 1951ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டப்படி அடமானக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, இதற்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்க வேண்டும். அடமானமில்லாக் கடனுக்கு ‘ஜே’ பாரம், அடமானக் கடனுக்கு ‘கே’ பாரம். அதில் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முன்பணம் கட்டினால்தான் கடன், ஏ.டி.எம். கார்டு கொடுத்தால்தான் கடன், ஒப்பந்தம் புலனத்தில் வரும் என்று சொல்பவரிடம் மேலே பேச்சு வேண்டாம். ஏற்கெனவே தவணைகளில் மூழ்கியிருப்பவர்கள் ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனத்தை நாடலாம். அங்கு ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

கார்டு ஏற்கெனவே போய்விட்டதா?

இதைப் படிக்கும்போதே சிலருக்கு நெஞ்சு படபடக்கலாம். பயத்தில் பேசாமல் இருப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கில் புதிதாக ஒருவரின் பணம் விழக்கூடும்.

முதலில் வங்கியின் அவசர எண்ணுக்கு அழைத்துக் கார்டையும் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்தச் சொல்லுங்கள். செயலியில் கணக்கை நாமே முடக்கும் வசதியும் இருக்கும். அழைத்த நேரத்தையும் வங்கி கொடுக்கும் குறிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள்.

அடுத்து, அருகில் உள்ள காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். யாரிடம், எப்போது, எப்படிக் கொடுத்தோம் என்பதை உள்ளபடியே சொல்லுங்கள். ‘கார்டு தொலைந்துவிட்டது’ என்று பொய்ப் புகார் செய்வது இன்னொரு குற்றம். ஏற்கெனவே பணம் புரண்டிருக்கும் என்று சந்தேகம் இருந்தால், புகாருக்கு முன் வழக்கறிஞரிடம் பேசுவது நல்லது.

மூன்றாவதாக, கார்டு வாங்கியவருடன் நடந்த உரையாடல்களை அழிக்காதீர்கள். வெட்கத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுபவர்கள் உண்டு. உங்கள் சொல்லுக்குச் சாட்சி அவைதாம்.

பணத்தை இழந்தவர் செய்ய வேண்டியது

பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே உங்கள் வங்கிக்கோ 997 என்ற எண்ணுக்கோ அழைக்க வேண்டும். 997 என்பது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு, பல்லூடக ஆணையம், வங்கிகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இதில் இணைந்துள்ளன. பணம் இரண்டாவது, மூன்றாவது கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்க முயல்வதே அதன் வேலை. மகன் வேலை முடிந்து வரட்டும், நாளை காலை பார்ப்போம் என்று காத்திருந்தால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அழைத்த பின் போலீஸ் புகாரும் செய்ய வேண்டும்.

பணம் அனுப்புவதற்கு முன்பே பார்க்க வேண்டிய இடம் ‘செமாக் மியூல்’ தளம். வர்த்தகக் குற்றப் புலனாய்வுத் துறையின் இந்தத் தளத்தில் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ தட்டினால், அதன் மேல் போலீஸ் புகார் இருக்கிறதா என்று தெரியும். ஆனால், ஒன்றை மறக்க வேண்டாம். நேற்று வாங்கிய புதுக் கழுதைக் கணக்கின் மேல் இன்று புகார் இருக்காது. தளத்தில் பெயர் வந்தால் ஆபத்து உறுதி. வராவிட்டால் பாதுகாப்பு உறுதி என்று பொருளில்லை.

பினாங்கு மக்கள் இதைப் பட்டு அறிந்தவர்கள். மாதம் 20 விழுக்காடு லாபம் என்று சொல்லிப் பணம் திரட்டிய, பினாங்கைத் தளமாகக் கொண்ட ஜே.ஜே.பி.டி.ஆர். திட்டம் 2017இல் சரிந்தது. கணக்குகள் ஊடுருவப்பட்டதாக அப்போது காரணம் சொல்லப்பட்டது. அத்தகைய திட்டங்களில் பலரும் சேர்ந்தது விளம்பரத்தைப் பார்த்து அன்று. உறவினரும் நண்பரும் சொல்லித்தான். கழுதைக் கணக்கும் அதே வழியில்தான் பரவுகிறது.

கடைக்காரர் யார் என்று தெரியும், வாங்கிய பொருள்தான் சரியில்லை என்றால் அது வேறு வழக்கு. அதற்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்று குழப்பமாக இருந்தால், ஜார்ஜ்டவுன் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். 1969 முதல் இயங்கும் அந்தச் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் பேச வேண்டியது

வேலைக்கு முதன்முறையாக வெளியூர் போகும் பிள்ளையிடம் “நேரத்துக்குச் சாப்பிடு, பத்திரமா வண்டி ஓட்டு” என்று சொல்லி அனுப்புகிறோம். அதோடு இதையும் சேர்த்துச் சொல்லலாம்: கார்டு, பின் நம்பர், சிம், அடையாள அட்டை, இந்த நான்கையும் அண்ணன் தம்பியாக இருந்தாலும் கையை விட்டுக் கொடுக்காதே. பழைய கணக்கு வேண்டாம் என்றால் வங்கிக்குப் போய் மூடிவிடு.

தவறிக் கொடுத்துவிட்டால் வீட்டில் சொல்லலாம் என்ற தைரியத்தையும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். அப்பா அடிப்பார், மாமா சிரிப்பார் என்று ஒரு வாரம் மறைத்து வைத்திருக்கும் பிள்ளையின் கணக்கில் அந்த ஒரு வாரமும் பணம் ஓடிக்கொண்டிருக்கும். திட்டுவதை அடுத்த நாளுக்குத் தள்ளி வைத்துவிட்டு, அன்று இரவே வங்கிக்கு அழைப்பதுதான் முதல் வேலை.